ரத்தக் கிணறும் நான்காவது நாற்காலியும்

சீட்டு விளையாட்டுக் கடையில் அவளைக் கிணத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் கொழுந்தனுக்கு அண்ணி, புருஷனுக்கு ‘ஏய், இங்க பாரு’. வேலை செய்யும் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயரே தேவைப்படவில்லை. அங்கே இஸ்திரி உருளை போடும் இரைச்சலில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. கையைத்தான் ஆட்ட வேண்டும்.

விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் சுருக்கம் விழாமல் கொடுப்பது அவள் வேலை. முனையைச் சற்றே இழுத்துப் பிடித்துக் கடைசி நொடியில் விட வேண்டும். முன்னாலேயே விட்டால் துணி மடிந்துபோகும், தாமதித்தால் விரல் வெந்துபோகும். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் கையில் சோப்பு வாசனையோடு நேரே சீட்டுக் கடைக்குப் போவாள்.

அங்கே ஆடும் சீட்டு விளையாட்டை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் கொழுந்தன்தான். பார்சல் வண்டி ஓட்டுகிறவன். கல்யாணமாகி வந்த புதிதில் கால் சுளுக்கி வீட்டில் கிடந்தபோது, தனியாக ஆட முடியாமல், “அண்ணி, சும்மா எதிர்ல உக்காருங்க, போதும்” என்று அவளை இழுத்து உட்காரவைத்தான். சும்மா உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு ஒரு சீட்டுக்கட்டு, ஆளுக்கு இருபது உயிர். முறைக்கு ஒரு நிலச்சீட்டைத் தரையிறக்கலாம். அந்தச் சீட்டைப் பக்கவாட்டில் சாய்த்துவைத்தால் சக்தி சுரக்கும். அந்தச் சக்தியில் பூதத்தையோ பறவையையோ மந்திரத்தையோ வரவழைத்து எதிராளியின் உயிரைக் குறைக்க வேண்டும். அடுத்த முறையில் நிலங்கள் மறுபடி நிமிரும். சாய்க்காமல் விட்ட சக்தி சேர்ந்துவராது, போனது போனதுதான். காடு பச்சைச் சக்தி தரும், ஆறு நீலம் தரும். எந்த நிறம் வேண்டுமானாலும் தருகிற அபூர்வ நிலங்களும் உண்டு. அவற்றுக்கு ஆளாளுக்கு அடிதடி.

யாரும் சீந்தாத நிலம் ஒன்று உண்டு. ரத்தக் கிணறு. அதுவும் எந்த நிறமும் தரும். ஆனால் ஒவ்வொரு முறை இறைக்கும்போதும் நம் உயிரில் ஒன்று போய்விடும். “நாமளே நம்மளக் குத்திக்கிட்டா எதிரி வேற எதுக்கு?” என்று எல்லோரும் அதைக் கடையின் ஓரத்துப் பெட்டியில் வீசிவிட்டுப் போவார்கள். ஆரம்பத்தில் கொழுந்தன் அவளுக்குக் கொடுத்த கட்டே அந்தப் பெட்டிச் சரக்குதான். ஆடி ஆடி அவளுக்கு அது பிடித்துப்போனது. கிணற்றைச் சாய்க்கும் முன் ஒரு கணம் யோசிப்பாள்: இப்போதே வேண்டுமா, ஒரு முறை பொறுக்கலாமா? பெரும்பாலும் பொறுப்பாள். பொறுத்தே பலரைச் சாய்த்தும் இருக்கிறாள்.

இந்த வருஷம் கடைகளுக்கிடையே போட்டி. கடைக்கு நால்வர். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நான்காவது நாற்காலிக்கு மிஞ்சியது அண்ணியும் கொழுந்தனும்.

கிணத்தக்காவுக்கு அந்த நாற்காலி வேண்டும். ஏன் இவ்வளவு ஆசை என்று அவளே தன்னைக் கேட்டுப் பார்த்தாள். இந்த வயதில் பூதமும் பறவையும் எதற்கு? அப்படிக் கேட்டும் ஆசை குறையவில்லை. இதுவரை அவளாக விரும்பி வரிசையில் நின்றது எதற்குமே இல்லை. படிப்பை நிறுத்தியது, வேலை பிடித்தது, கல்யாணம், எல்லாமே யாரோ சொல்லித் தலையாட்டியவை. கெட்டுப்போய்விடவில்லை, நன்றாகவே இருக்கிறாள். ஆனால் இது அவள் தானே கேட்டது.

“ரெண்டு பேர்ல யாரு ஜெயிச்சாலும் எனக்குச் சாப்பாடு உண்டா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க” என்றான் புருஷன், குழாய் ரிப்பேர்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.

“தோத்தவங்க சமைக்கணும்” என்றான் கொழுந்தன்.

“அப்ப நீ இப்பவே வெங்காயம் உரி” என்றாள் அவள்.

கடைக்காரருக்குப் பட்டப்பெயர் சோடாபுட்டி. கண்ணாடி அவ்வளவு தடிமன். அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. நாற்காலிக்கான ஆட்டம் என்றால் முதல் ஆட்டம் அவரவர் கட்டில். இரண்டாவது, கட்டை மாற்றிக்கொண்டு. சமமானால் மூன்றாவது, கடைசியாகத் தோற்றவர் எந்தக் கட்டு வேண்டும் என்று சொல்லலாம். எவனோ விலையுயர்ந்த சீட்டுகளாக வாங்கிக் குவித்து எல்லோரையும் வாரிய பிறகு வந்த ஏற்பாடு இது. “சீட்டு ஜெயிக்குதா ஆள் ஜெயிக்குதான்னு எனக்குத் தெரியணும்ல” என்பார்.

முதல் ஆட்டத்தில் அவள் வென்றாள். கொழுந்தன் வழக்கம்போல வேகமாக வந்து மோதினான். அவள் உயிரை எண்ணி எண்ணிச் செலவழித்து, கடைசியில் கிணறுகளை ஒருசேர இறைத்து ஒரே மந்திரத்தில் முடித்தாள்.

“கிணத்தக்கா, உங்க ரத்தத்துலயே அவனக் குளிப்பாட்டிட்டீங்க” என்றார் சோடாபுட்டி.

கட்டு மாறியது. கொழுந்தனின் கட்டு முழுக்க நல்ல நிலங்கள். எந்த நிறமும் தரும், ஒரு துளி ரத்தமும் கேட்காது. கையில் வாங்கியபோதே வழுவழுவென்று இருந்தது. இதில் ஜெயிக்கக் கஷ்டமே இல்லை என்றுதான் நினைத்தாள்.

எதிரே அவன் கிணறுகளை ஈவிரக்கமில்லாமல் இறைத்தான். உயிர் சரசரவென்று இறங்கியது. இறங்க இறங்க ஒரு பெரும்பூதமும் எழுந்து நின்றது. அவள் பக்கம் சுத்தமான நிலங்கள் வரிசையாக நின்றன. அவற்றில் பாதியை அவள் சாய்க்கவே இல்லை. இரண்டு பறவை வரவழைக்கச் சக்தி இருந்தபோது ஒன்றோடு நிறுத்தினாள். அடுத்த முறையும் அப்படியே. பூதம் வந்து அவளை அடித்து முடித்தபோது அவன் உயிர் மூன்றே மூன்று.

“அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்க மாட்டீங்களே?” என்றான் அவன்.

“கேளு.”

“ஏன் நிலத்த அப்படியே நிக்க விட்டீங்க? யாருக்கு எடுத்து வச்சீங்க?”

அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபடியே நின்ற நிலங்கள் அவளைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது. யாருக்கும் எடுத்து வைக்கவில்லை. இறைத்தால் ரத்தம் போகும் என்று கை தானாகவே நின்றிருக்கிறது, ரத்தம் கேட்காத நிலத்திலும். இவ்வளவு நாளும் இதைத்தான் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தாளா? எது பொறுமை, எது வெறும் பயம் என்று பிரித்துப் பார்த்ததே இல்லையே.

“கடைசியாத் தோத்தது நீங்க. எந்தக் கட்டு?” என்றார் சோடாபுட்டி. அவளுடைய கிணற்றுக் கட்டை எடுத்து வைக்க ஏற்கெனவே கையை நீட்டிவிட்டார்.

“இவன் கட்டே இருக்கட்டும்.”

சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அக்கா, நாற்காலி போயிடும்” என்றது ஒரு குரல்.

“போனாப் போகட்டும். அதுல நான் இன்னும் ஒழுங்கா ஆடவே இல்ல.”

மூன்றாவது ஆட்டத்தில் முதல் சில முறைகளுக்குக் கை கூசியது. கடைசி நிலத்தைத் தொட்டுவிட்டுத் தயங்கும். ‘சாய்டி’ என்று தனக்குள்ளேயே அதட்டிக்கொண்டு சாய்த்தாள். எதுவும் ஆகவில்லை. உயிர் இருந்த இடத்திலேயே இருந்தது. அடுத்த முறை எல்லாவற்றையும் சாய்த்தாள். அதற்கடுத்த முறையும். ஒரு நிலமும் நிமிர்ந்து நிற்காத மேசையைப் பார்க்க, சலவைக்கூடத்தில் கடைசி விரிப்பும் உருளைக்குள் போய்விட்ட மாதிரி நிம்மதியாக இருந்தது. பறவைமேல் பறவையாக வந்து இறங்கின.

கொழுந்தனும் லேசுப்பட்டவன் இல்லை. கிணற்றின் ருசி கண்டுவிட்டான். அவளை இரண்டு உயிருக்கு இறக்கி, முடித்துவைக்கும் மந்திரத்தையும் கையில் வைத்திருந்தான். நிலங்களைச் சாய்த்துக்கொண்டே வந்தவன் கடைசிக் கிணற்றின் மேல் விரலை வைத்தவாறு நின்றுவிட்டான். மந்திரத்துக்கு இன்னும் ஒரு சக்தி வேண்டும். அவனிடம் மிச்சமிருந்ததோ ஒரே உயிர். இறைத்தால் மந்திரம் வாயைவிட்டு வருமுன் அவனே காலி.

மந்திரச் சீட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். “ஜெயிக்கிற சீட்டு கையில இருக்கு அண்ணி. பாருங்க, இருக்கு!”

“தெரியுதுடா. வெளிய வச்சுட்டு வெங்காயத்த நினைச்சுக்கோ” என்று பறவைகளை அனுப்பினாள்.

சோடாபுட்டி பலகையில் மூன்று பெயர்களுக்குக் கீழே கிணத்தக்கா என்று எழுதினார். எழுதிவிட்டு, “உங்க நிஜப் பேரு போடணுமோ?” என்று கேட்டார். “இதுவே இருக்கட்டும்” என்றாள். கன்னம் சூடாகியிருந்தது. யாரும் பார்க்காதபோது இன்னொரு தடவை திரும்பி அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் கொழுந்தன் கேட்டான். “அந்த இடத்துல நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

“இன்னொரு உயிர மிச்சம் வச்சிருப்பேன். நீ மொத மூணு முறைலயே ரத்தத்தத் தண்ணியா வாரி இறைச்சிட்ட.”

“நீங்க ரெண்டாவது ஆட்டத்துல தண்ணியையே ரத்தம் மாதிரி எண்ணுனீங்க.”

“ஆமா” என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் இரண்டு கட்டுகளையும் பரப்பிப் போட்டார்கள். போட்டிக்கு எந்தக் கட்டு என்று பேச்சு. அவன் தன் நல்ல நிலங்களை ஒவ்வொன்றாக அவள் பக்கம் தள்ளினான். “எல்லாத்தையும் எடுத்துக்கங்க. போட்டி முடிஞ்சு குடுங்க போதும். அந்தக் கிணத்த மூடுங்க.”

பாதியை எடுத்துக்கொண்டாள். பாதியைத் திருப்பித் தள்ளினாள்.

“ஏன் அண்ணி?”

“கிணறு இல்லன்னா நான் யோசிக்கவே மாட்டேன்டா. எல்லாமே அதுவா இருந்தா யோசிச்சுக்கிட்டே இருப்பேன். கலந்து வச்சுப் பாப்போம்.”

“அப்ப மிச்சக் கிணறு?”

“நீ வச்சுக்க. உனக்குத்தான் இப்ப வேணும்.”

அவன் அவற்றை எடுத்துத் தன் கட்டின் நடுவில் செருகினான். பக்கத்தில் வெங்காயக் கூடை உரிக்கப்படாமலே கிடந்தது. உள்ளே வந்த புருஷன் மேசையைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், இருவர் முகத்தையும் பார்த்தான்.

“தோத்தது யாருடா?”

கொழுந்தன் கையைத் தூக்கினான்.

“சரி, எந்திரி” என்றான் புருஷன். அவன் எழுந்த நாற்காலியில் தான் உட்கார்ந்து, ஒரு சீட்டை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். “ஏய், இது என்ன, கிணறா?”

“நேராப் பிடிங்க, சொல்றேன்” என்றாள் அவள்.