தட்டில் பூசிய திருநீறு

அருமைநாயகிக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று கொக்குவிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏன் வருகிறது என்று ஒருவராவது கேட்டிருப்பார்களா? கேட்டிருக்கமாட்டார்கள். இதைக் கேட்டுவிட்டுப் பிறகு வாய் திறக்கட்டும்.

பத்தொன்பது வயதில் அவளைத் தகப்பன் கப்பலேற்றிச் சென்னைப் பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு சின்னக் கம்பனி அவள் பாடிய இரண்டு முருகன் பாட்டுகளை இசைத்தட்டாக்கியது. அடுத்த வருடமே கம்பனியை இழுத்து மூடிவிட்டார்கள். அவளுக்குக் கலியாணமாகி மூன்றாம் மாதம் நெருப்புக் காய்ச்சல் கண்டது. உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. அன்றிலிருந்து கரகரவென்று கதைக்கத்தான் முடியும். அவளுடைய பாட்டு என்று மிஞ்சியது அந்தக் கறுத்த தட்டு ஒன்றுதான்.

அதை அவள் காத்த காவல் இருக்கிறதே! கொக்குவில் செம்மண் கதவைச் சாத்தினாலும் வீட்டுக்குள் வந்துவிடும். கிராமபோன் ஊசியின் நுனியில் தூசி திரண்டால் பாட்டு மூக்கடைத்தவர் பாடுவதுபோலக் கேட்கும். கவனியாமல் விட்டால் ஊசி அந்தத் தூசியோடு சேர்த்துத் தட்டின் கோடுகளையே அரைத்துவிடும். ஆகவே போடுமுன் வெல்வெற்றுத் துண்டால் தட்டைத் துடைப்பாள். ஒவ்வொரு பாட்டுக்கும் புது ஊசி. பாவித்த ஊசியைத் திருப்பிப் போட்டால் கணவன் நமசிவாயத்துக்கும் ஏச்சு விழும். அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர் வேலை பார்த்த அந்த மனுசன் ஏச்சை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பார்.

முப்பத்தேழாம் ஆண்டு சரசுவதி பூசைக்கு நமசிவாயத்தின் தமக்கை பத்மாவதி, அவர்கள் வீட்டிலிருந்த சாமான்களையெல்லாம் படத்துக்கு முன்னால் அடுக்கினாள். தையல் மெசின், புத்தகங்கள், மண்வெட்டி, கிராமபோன். தட்டையும் உறையிலிருந்து எடுத்து, திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, மூன்று விரலால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் இழுத்துவிட்டாள். நடுவிலே ஒட்டியிருந்த தாளில் ஒரு பொட்டு வைத்திருந்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் பத்மாவதிக்குத் திருநீறு என்றால் நெற்றி நிறையப் பூசவேண்டும். தட்டுக்கு நெற்றி எது? முழுத் தட்டும்தான்! திருப்பிப் போட்டு மற்றப் பக்கமும் பூசி, காய்ந்ததும் உறையில் போட்டுவிட்டாள். அடுப்படியில் நின்ற அருமைநாயகிக்கு இது தெரியாது.

மறுநாள் விசயதசமி. நீர்வேலியிலிருந்து இரத்தினம்மா என்ற சொந்தக்காரி வந்திருந்தாள். அருமைநாயகி குசினியில் மோதகம் அவித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று முன்னறையில் அவளுடைய பழைய குரல் கேட்டது. குரலா அது? அடிபட்ட நாய் முனகுவதுபோல இருந்தது.

மா ஒட்டிய கையோடு ஓடிவந்தாள். பத்மாவதி, “இன்னும் அமத்திப் பிடி தம்பி, சத்தம் காணாது” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நமசிவாயம் ஊசி பூட்டிய தலையை விரலால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊசியைச் சுற்றிச் சாம்பல் கட்டியாகத் திரண்டிருந்தது. ஒரு பக்கம் முடிந்து, மற்றப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது.

“ஐயோ! எடுங்கோ கையை! ஆர் இந்தத் தூசியைப் பூசினது?”

“என்னடி சொன்னனீ?” பத்மாவதி எழும்பிவிட்டாள். “திருநீற்றையோ தூசி எண்டு சொல்லுறாய்? கன்னத்திலை போடடி!”

“நெத்தியிலை இருந்தாத்தான் மச்சாள் அது திருநீறு. ஊசியிலை இருந்தாத் தூசிதான்.”

“சிவசிவா! சைவ வீட்டிலை கதைக்கிற கதையே இது?”

இரத்தினம்மா மோதகத்துக்கும் நில்லாமல் புறப்பட்டுவிட்டாள். அருமைநாயகி கன்னத்தில் போடவில்லை. ஈரத் துணியால் தட்டைக் கோடு கோடாகத் துடைத்தாள், உலரவிட்டாள், புது ஊசி பூட்டினாள். பாட்டின் முதலடி வந்தது. அவள் மேலே ஏறிப் பாடிய இடம் வந்தபோது சர்ர் என்ற இரைச்சல் மட்டும்தான் கேட்டது. மற்றப் பக்கத்தையும் போட்டாள். அதில் முதலடியும் இல்லை.

“இப்ப என்ன குடியே முழுகிப் போச்சு? சாமி காரியத்திலைதானே போனது” என்றாள் பத்மாவதி. சொல்லிவிட்டுக் கால் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். எப்படி மனம் வந்ததோ அந்த மனுசிக்கு!

நமசிவாயம் மெல்லக் கிட்ட வந்தார். “விடுமப்பா. அக்கா தெரியாமல் செய்திட்டா.”

“அவவுக்குத் தெரியாது, சரி. அவ பூசேக்கை நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?”

“பக்கத்திலைதான் நிண்டனான்.”

“சாம்பலோடை போட்டா ஊசி அரைக்குமெண்டு உங்களுக்குத் தெரியாதோ? எத்தினை தரம் சொல்லியிருக்கிறன்?”

“தெரியும்.” அவர் நிலத்தைப் பார்த்தார். “அக்காவுக்கு முன்னாலை நான் என்னெண்டு வாய் திறக்கிறது?”

அருமைநாயகி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தினாலும் அந்தத் தொண்டையிலிருந்து கரகரப்புத்தான் வரும்.

“என்ரை குரலைக் காய்ச்சல் கொண்டுபோச்சு. உங்கடை குரலை என்ன கொண்டுபோச்சு?”