துறையில் விட்ட சப்பாத்து

அன்று படகில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. ஏழு வயது மகள். மனைவியின் தம்பி, என் மச்சான். எங்களுக்கு டெனிஷ் படிப்பித்த மாஸ்டர். மாஸ்டரின் மனைவி. வேறு ஒருவரும் இல்லை.

எண்பத்தாறாம் ஆண்டுக் கோடை. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்கின் பிரெடெரிசியாவுக்கு வந்து ஒரு வருடம். மாஸ்டரிடம் ஒரு பழைய படகு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் போவோம், வாருங்கள் என்றார். காரில் ஏற்றிக்கொண்டு சில்கபோர் பக்கம் போனார்.

முதலில் சப்பாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகளுக்கு இடது கால் வலதைவிடக் கட்டை. இரண்டு வயதில் வந்த காய்ச்சல் செய்த வேலை. இங்கே ஆஸ்பத்திரியில் அவளுடைய காலை வெள்ளைச் சாந்தில் அச்செடுத்து, ஒரு சோடிச் சப்பாத்துச் செய்து கொடுத்தார்கள். இடது சப்பாத்தின் அடி மூன்று விரல் தடிப்பு. மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு அவள் நின்றபோது இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் நின்றன. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

படகு என்றதும் வள்ளம் என்றுதான் நினைத்திருந்தேன். அது ஒரு நீட்டு வீடு. யன்னலுக்குத் திரை. உள்ளே கட்டில், அடுப்பு, சுவரில் படம். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"எல்லாரும் சப்பாத்தைக் கழட்டுங்கோ" என்றாள்.

கழற்றிப் பலகைத் துறையில் வரிசையாக வைத்துவிட்டு ஏறினோம். சப்பாத்தோடு ஒரு வீட்டுக்குள் போகிற பழக்கம் எங்களிடம் இல்லை. இந்த வீடு புறப்பட்டுப் போய்விடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மாஸ்டரும் அவர் மனைவியும் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கடைசியாக வந்தார்கள். அவர்களும் வெறுங்கால். படகில் இதுதான் முறையாக்கும் என்று நினைத்தேன்.

படகு மெல்லப் போனது. கரையோரப் பாதையில் ஒரு கிழவி நாயோடு நடந்து போனாள்.

"அத்தான், நாய் எங்களை முந்திப்போட்டுது" என்றான் மச்சான்.

"பேசாம இரு."

எனக்குக் கதைக்க மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. கிணறுதான், அதிலும் பலது உவர். நான் கையை விட்டு ஒரு மிடறு அள்ளிக் குடித்தேன். உப்பில்லை. அவ்வளவு நல்ல தண்ணீர், கேட்பாரில்லாமல் போய்க்கொண்டிருந்தது. தொட்டுக் குடித்தும் நம்ப முடியவில்லை.

பிறகு ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கதவு வந்தது. ஸ்லூசே என்றார் மாஸ்டர். படகு உள்ளே போனதும் பின்னாலும் ஒரு கதவைச் சாத்தினார்கள். இரண்டு பக்கமும் ஈரச் சுவர். கிணற்றுக்குள் இருப்பது போல இருந்தது. மாஸ்டர் மேலே ஏறிக் தொட்டால் சொறிகிற காஞ்சோண்டிப் பற்றைக்குள் வெறுங்காலை வைத்துவிட்டுத் துள்ளினார். பிறகு இரும்புப் பிடியைச் சுற்றினார்.

முன் கதவுக்கு அப்பால் உயரத்தில் நின்ற ஆற்றுத் தண்ணீர் உள்ளே வந்தது. படகு எழும்பியது. ஆறு பேரில் ஐந்து பேர், கட்டில், அடுப்பு, சோற்றுப் பானை, எல்லாம் எழும்பின. தூக்க ஆள் இல்லை, இழுக்கக் கயிறு இல்லை. சுவர் கீழே போய், புல்லும் வெயிலும் வந்தன. நான் தண்ணீரைத் தூக்கியே வளர்ந்தவன். தண்ணீர் ஆளைத் தூக்கி அன்றுதான் கண்டேன்.

மகள் கையைத் தட்டினாள்.

"அப்பா, ஆறு இந்தப் பக்கம் கட்டை. அதுதான் தண்ணிச் சப்பாத்துப் போடுகினம்."

மனைவி சிரித்தாள். பிறகு பிள்ளையின் காலைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"இஞ்சாருங்கோ, சப்பாத்தெங்கை?"

"நீர் வைக்கச் சொன்ன இடத்திலதான்."

"துறையிலயோ?"

மச்சான் மாஸ்டருக்கு இங்கிலீசில் சொன்னான். அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். என்னவோ சொன்னார்.

"அவையின்ர சப்பாத்தும் அங்கதானாம்" என்றான் மச்சான். "நாங்கள் கழட்டினதைக் கண்டு, எங்கட முறையெண்டு நினைச்சுத் தாங்களும் கழட்டினவையாம்."

"தன்ர படகுக்கோ?"

"ஓம். எங்களுக்கு மரியாதையாம்."

அந்த ஒடுக்கத்தில் படகைத் திருப்ப முடியாது. ஏரிவரை போய்த்தான் திரும்ப வேண்டும். போனோம். ஏரி பெரியது. காடு தலைகீழாக அதற்குள் நின்றது. கரையில் மனைவி பாயை விரித்துச் சோறு போட்டாள். மகள் படகால் இறங்கி இரண்டு எட்டு வைத்தாள். தோள் சரிந்தது. முன்பெல்லாம் அப்படியே ஓடித் திரிந்தவள், அந்த இடத்திலேயே இருந்துவிட்டாள். வரமாட்டேன் என்றாள். நான் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

திரும்பும்போது மழை தூறியது.

"கெதியா விடச் சொல்லு தம்பி" என்றாள் மனைவி.

மச்சான் கேட்டுவிட்டு வந்தான். "இதுக்கு மேல ஓடக்கூடாதாம் அக்கா. அலை அடிச்சுக் கரை இடியுமாம். கரையில முட்டையிட்டிருக்கிற தாராவின்ர கூடும் போயிடுமாம்."

"தாராவுக்குக் கூடு இருக்கு. என்ர பிள்ளைக்குக் காலெல்லோ போகப்போகுது."

மாஸ்டருக்கு அவள் சொன்னது விளங்கியிருக்காது. ஆனால் முகம் விளங்கியது. அப்படியும் வேகத்தைக் கூட்டவில்லை. ஸ்லூசேயில் படகு இந்த முறை இறங்கியது. தண்ணீர் எங்களை ஒரு சொட்டும் சிந்தாமல் கீழே வைத்தது. அந்தப் பயத்துக்குள்ளும் நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மழை விட்டு மஞ்சள் வெயில் அடித்தது. வளைவு திரும்பியதும் துறை தெரிந்தது. நனைந்த பலகை. அதில் ஒன்றும் இல்லை.

மனைவி மகளை மடியில் இறுக்கிக்கொண்டாள். மச்சானும் பகிடி விடவில்லை.

கயிறு கட்டுமுன் நான் பாய்ந்து இறங்கினேன். மாஸ்டரின் மனைவி பின்னாலிருந்து கூப்பிட்டுக் கையைக் காட்டினாள். கரையில் ஒரு மரம். அதன் கீழே ஒரு மழைக்கோட்டு விரித்திருந்தது. பறக்காமல் நாலு மூலைக்கும் கல். நல்ல கோட்டு. யாரோ தன் முதுகில் இருந்ததைக் கழற்றி விரித்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டு போயிருக்கிறார். சுற்றிப் பார்த்தேன். பாதையில் ஆள் இல்லை.

கல்லை எடுத்துக் கோட்டை விலக்கினேன். தடித்த அடிதான் முதலில் தெரிந்தது. தொட்டேன். ஈரமில்லை.

"எல்லாம் கிடக்கோ?" மனைவி படகில் நின்று கத்தினாள். "எண்ணிப் பாருங்கோ."

குந்தியிருந்து எண்ணினேன்.

பன்னிரண்டு.