சவப்பெட்டியைப் பார்த்துச் சிரித்தேன்

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. கணவர் இறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. சவப்பெட்டியை மூடிய சத்தம் என் காதைவிட்டுப் போகவே இல்லை. பீரோ கதவைச் சாத்தினால்கூட காதைப் பொத்திக்கொள்வேன்.

என்னோடு பள்ளியில் வேலை பார்த்த ரோஸி ஒரு சனிக்கிழமை மேட்னி ஷோவுக்கு இழுத்துப் போனாள். பழைய பேய்ப் படங்களைக் கேலி செய்யும் இங்கிலீஷ் படம். ரத்தக் காட்டேரி சவப்பெட்டியிலிருந்து கம்பீரமாக எழுந்தது. மூடி மடாரென்று அதன் தலையிலேயே விழுந்தது. காட்டேரி பாவமாகத் தலையைத் தேய்த்துக்கொண்டது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

துக்கத்துக்குக் கட்டியிருந்த வெள்ளைச் சேலை அந்த இருட்டிலும் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து காக்ஸ் டவுன் கோயில் வாசலில் நாத்தனார் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

“எங்கண்ணன் போயி வருஷம் திரும்பல. அதுக்குள்ள பொட்டியப் பாத்து சிரிச்சீங்களாமே அண்ணி?”

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏன் சொல்ல வேண்டும்?

“ஆமா, சிரிச்சேன். அஞ்சு மாசமா அந்தப் பொட்டிக்குத்தான் பயந்துக்கினு இருந்தேன்.”

அவருக்குத் துரோகம் செய்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அதே வெள்ளைச் சேலையில் தனியாகப் போனேன். மூடி எப்போது விழும் என்று தெரியும். மற்றவர்களுக்கு முன்பே சிரித்தேன்.