அம்மனை எங்கே கட்டுவது

கம்பெனிகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்கள் தோட்டமும் பக்கத்துத் தோட்டமும் ஒரே முதலாளி கைக்குப் போனபோது, தோட்டத்துக் கணக்கர் கிராணி எல்லாரையும் ஆபீஸ் வாசலில் வெயிலில் நிற்க வைத்து, "போர்டுதான் மாறுது, வேற ஒன்னும் மாறாது" என்றார். அடுத்த மழைக்காலத்துக்குள் இரண்டு கிளினிக் ஒன்றாகிவிட்டது. வேலை வாங்கும் மண்டோர்கள் இருவரில் ஒருவர் வீட்டில் உட்கார்ந்தார். கூலிகள் வரிசை வீடுகளில் குடியிருந்த இரு தோட்டத்து லயங்களில் ஒன்றை மண்வாரி இயந்திரம் தின்றது. அது எங்களுடையது.

அண்ணன் பிக்கப் வாங்கியது அதற்குப் பிறகுதான். "இனிமே எவன் போர்ட மாத்துனா எனக்கென்னா" என்று சொல்லிக்கொண்டே சாவியை வாங்கினார். பெரிய லோரி புதைந்துபோகும், சின்ன வேன் வழுக்கிப்போகும் களிமண் பாதைகளில் நான்கு சக்கரமும் இழுக்க, சிறு தோட்டக்காரர்களின் செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோவார். நேற்று வெட்டிய குலையை நாளைக்கு எடுத்துப்போனால் ஆலைக்காரன் முகத்தைச் சுளிப்பான். அதனால் கோல சிலாங்கூர் பக்கம் பலருக்கு அவர் வண்டிச் சத்தம் கேட்டால்தான் நெஞ்சு நிம்மதியாகும். அந்த வண்டி இருந்தவரை அண்ணன் யாருக்கும் கூலியாள் இல்லை. எனக்குத் தெரிந்து எங்கள் குடும்பத்தில் அப்படி இருந்த முதல் ஆள் அவர்.

வண்டி ஏற்றிய முதல் சுமை குலை அல்ல, அம்மன். செம்பனைக்குள் தனியாக நிற்கும் எங்கள் கோயிலில் அதுவரை வருடா வருடம் யாராவது ஒருவரின் வண்டியில்தான் சாமி ஊர்வலம் போகும்; பிறகு அண்ணன் வண்டியில்தான். மேடு பள்ளத்தில் அம்மன் ஆடிவிடக் கூடாது என்று, அண்ணன் வண்டியின் பின்தட்டில் நான்கு மூலையிலும் இருந்த இரும்பு வளையங்களோடு சேர்த்து ஒரு சட்டத்தையே வெல்டிங் வைத்துவிட்டார்கள். கோயில் தலைவர்தான் பக்கத்தில் நின்று பார்த்தார். திருவிழா முடிந்தும் சட்டம் அப்படியே நிற்கும். அம்மன் உட்கார்ந்த இடத்தில் மறுநாள் குலைகள் உட்காரும். யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. எனக்கு அதுதான் சரியாகத் தோன்றியது.

இந்த வருடம், திருவிழா நெருங்கும்போது, கம்போங் குவாந்தான் ஊரைத் தாண்டிய வளைவில் வண்டி நின்றுவிட்டது. நிறைய குலை. உச்சி வெயில். வேறொருவர் வந்து குலையை மாற்றி ஏற்றிக்கொண்டு போனார். டவுனில் இருந்த சர்வீஸ் கடைக்குப் போனோம். பூட்டு. கண்ணாடியில் ஒரு காகிதம்: வண்டி செய்யும் கம்பெனி இன்னொரு கம்பெனியோடு சேர்ந்துவிட்டதாம், இனிமேல் சர்வீஸ் எல்லாம் தூரத்தில் புக்கிட் பெருந்துங் கடையில்தானாம். இரண்டு கிளினிக் ஒன்றான அதே வேலை.

இழுவை லோரியின் பின்னால் என் காரில் அண்ணனை ஏற்றிக்கொண்டு போனேன். அவர் வழி முழுக்கத் தன் வண்டியின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார்.

புக்கிட் பெருந்துங்கில் வாசல் முழுக்க ஒரு துணி. மலாய் மொழியில் பெரிதாக, நாம் இப்போது ஒரே குடும்பம் என்று. உள்ளே குளிர். கவுண்டரில் இருந்தது நம் தமிழ்ப் பையன்தான், மரியாதையான பையன்.

"அண்ணே, டீசல் பம்பு போயிருச்சு. அதுகூட வர்ற கம்ப்யூட்டர் பெட்டியும் மாத்தணும். ஆனா இந்த மாடல் டிஸ்கன்டினியூ ஆயிருச்சுண்ணே. ஸ்டாக் இல்ல."

"நான் டிஸ்கன்டினியூ ஆகலையே தம்பி."

பையன் சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை.

"வெளிய கடையில போட்டா?" என்று நான் கேட்டேன்.

"பழைய பம்பு கிடைக்கும்க்கா. ஆனா பெட்டிய நாங்க இங்கருந்து கம்ப்யூட்டர்ல தொறந்து விட்டாத்தான் வண்டி ஓடும். புது சிஸ்டத்துல இந்த வண்டி பேரே இல்ல. நான் என்னா செய்ய முடியும் லா."

அவன் உண்மையைத்தான் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்கு ஒரு முகம் வேண்டும். அந்தக் குளிரில் முகம் என்று இருந்தது அந்தப் பையன் முகம் மட்டும்தான், அதுவும் பாவம் போலிருந்தது.

புது வண்டியைக் காட்ட அழைத்துப்போனான். இரண்டு வண்டிகள் நின்றன, வேறு வேறு பேர். கதவு ஒரே மாதிரி, தட்டு ஒரே மாதிரி, உள்ளே திரையும் ஒரே மாதிரி. முன்பக்கக் கம்பி வலை மட்டும் வேறு. முன்பு இரண்டு கம்பெனியும் ஒருவனை ஒருவன் முந்த நினைத்து இரண்டு வண்டி செய்தார்கள். ஒருவன் விலை ஏற்றினால் அடுத்தவன் கடைக்கு நடந்து போகலாம். இப்போது நடந்து போனால் அதே கடையின் இன்னொரு வாசலுக்குத்தான் போய்ச் சேருவோம். நாளைக்கு மூன்றாவது கம்பெனியும் வந்து சேரலாம். அப்போது அந்தக் கம்பி வலையை மூன்றாவது விதமாக வளைப்பார்கள்.

சுவரில் ஒரு படம்: மலை உச்சியில் அந்தப் பிக்கப், பின்னால் ஒரு சைக்கிள், பக்கத்தில் காப்பி குடிக்கும் இருவர். சைக்கிளைச் சுமக்கவா நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி? சேறு படாத ஆட்களுக்காக ஒரு சேற்று வண்டி. எங்களைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, எங்கள் வண்டியின் உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் பின்தட்டைத் திறந்து சாண் போட்டு அளந்தார். மூலைகளைத் தடவினார். மழமழவென்று பிளாஸ்டிக்.

"வளையம் இல்லையே தம்பி. அம்மன எங்க கட்டுறது?"

பையன் என்னைப் பார்த்தான், சிரிக்கலாமா என்று.

"பழச எடுத்துக்குறோம்ணே, புது வண்டி வெலயில கழிச்சுக்கலாம். அந்த இரும்புச் சட்டத்த மட்டும் அறுத்துட்டுக் கொண்டாங்க."

அண்ணன் தட்டை மெதுவாக மூடினார். "திருவிழா முடியட்டும்" என்றார்.

வண்டி அதே இழுவை லோரியில் திரும்பி வந்தது. கோயில் தலைவர் வேறு வண்டி பார்க்கலாம் என்றார். அண்ணன் கேட்கவில்லை. "இஞ்சின்தான போச்சு. சக்கரம் உருளுதுல்ல."

அப்படித்தான் திருவிழா அன்று மாலை அம்மன் புறப்பட்டாள். முன்னால் தடித்த கயிற்றைக் கட்டி நாங்கள் இழுத்தோம். இஞ்சின் செத்த வண்டியில் ஸ்டீரிங் கல் மாதிரி இருக்கும், பிரேக்கை இரண்டு காலாலும் மிதிக்க வேண்டும். அண்ணன் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடந்தது. இறக்கத்தில் வண்டி எங்களை முட்ட வந்தது. எனக்குப் பின்னால் கயிறு பிடித்திருந்த ஒரு அத்தை கத்தினார், "டேய், பிரேக்க மிதிடா, அம்மனுக்கு முன்னாடி எங்கள மேல அனுப்பிராத." எல்லாரும் சிரித்தார்கள். நான் இழுத்தேன். உள்ளங்கை எரிந்தது. பக்தி என்று பார்த்தவர்கள் நினைத்திருக்கலாம். நான் அந்தக் குளிரான அறையை, அந்த வாசல் துணியை, போர்டு மாத்துற எல்லாரையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

லயம் இருந்த இடத்தில் நின்று தேங்காய் உடைத்தோம். வீடுகள் இல்லை. செம்பனைதான். எப்போதும் அங்கே ஒரு நிமிடம் நிறுத்துவார்கள். இந்த முறை கிளப்புவதற்கு வெகு நேரம் ஆனது. சக்கரம் மண்ணில் அமுங்கியிருந்தது.

திருவிழா முடிந்ததும் பையன் போன் செய்தான். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னாண்ணே, அறுத்தாச்சா?"

"இல்ல தம்பி. குடுக்கல."

"ஓடாத வண்டிய வச்சு என்னா செய்வீங்க?"

"நீங்க அத வண்டின்னு சொல்லுறத நிப்பாட்டிட்டீங்கல்ல. நாங்க வேற பேர் வச்சுக்கிறோம்."

இப்போது அது கோயிலுக்குப் பக்கத்தில் தகரக் கூரையின் கீழ் நிற்கிறது, தேர் என்ற பேரில். அண்ணன் ஆலைக்காரனின் லோரி ஓட்டுகிறார், மாதச் சம்பளத்துக்கு, அவன் கொடுத்த சட்டையில். லோரி போக முடியாத களிமண் பாதைகளில் குலைகள் காத்துக்கிடக்கின்றன. தோட்டக்காரர்கள் அவருக்கே போன் போடுகிறார்கள். "எனக்கு இப்ப மேல ஆள் இருக்குய்யா" என்கிறார், வெட்கத்தோடு.

"விடு பாப்பா, கோவப்பட்டு என்னா பண்ணப்போற" என்று என்னிடம் சொல்கிறார்.

அவர் சட்டைப் பையில் ஆலையின் பேர் தைத்திருக்கிறது. போன மாதம் வேறு பேர் இருந்தது. ஆலையும் யாருடனோ சேர்ந்துவிட்டதாம். வேற ஒன்னும் மாறாதுன்னு சொன்னாங்க, என்றார் அண்ணன்.