பின்கழுத்து லேபிள்

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் முழுதாக ஒரு சட்டை தைக்கத் தெரியாது. ஆனாலும் என் பன்னிரண்டு வயது வரைக்கும் நான் போட்டுக்கொண்ட துணியெல்லாம் எங்கள் வீட்டில் தைத்ததுதான். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் முதலில் எங்கள் வீட்டு வேலைப் பங்கீட்டைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். டெய்லர் என்றால் காலர் டெய்லர். காலையில் மிஷினில் உட்கார்ந்தால் சாயங்காலம் மணியடிக்கும் வரை ஆம்பிளைச் சட்டைக்குக் காலர் மட்டும்தான் தைப்பாள். அந்தக் காலருக்குக் கீழே வரப்போகும் சட்டை என்ன நிறம், எத்தனை பை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அடுத்த வீட்டிலிருந்த சித்தியும் அதே கம்பெனிதான். அவள் சட்டைக்குக் கை தைத்து வைக்கும் லைன். தினம் காலையில் இரண்டு பேரும் படாளம் கூட்டுரோட்டில் நின்று கம்பெனி வேனில் ஏறிப் போவார்கள். துணி வெட்டுவதற்குக் கம்பெனியில் தனி அறை, தனி மாஸ்டர். அதனால் வெட்டுகிற வித்தை மட்டும் எங்கள் வீட்டுக்குள் வந்து சேரவே இல்லை.

அந்த வேலை அப்பா தலையில் விழுந்தது. அப்பா கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். சனிக்கிழமை வருவார், திங்கள் விடிகாலை போய்விடுவார். டேப் வைத்து அளந்து வெட்டத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பதால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்ததும் துணியைத் தரையில் விரித்து அவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்துவிடுவார்கள். முதன்முதலில் அவர் எனக்கு வெட்டிய கவுன் என் உடம்பளவுக்கு ஒரு நூல் பிசகாமல் இருந்தது. டைலுக்குத் தையல் கிடையாதல்லவா, அதனால் தையலுக்கென்று துணி விட வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. தைத்து முடித்த பிறகு என் தலைகூட உள்ளே நுழையவில்லை. அடுத்த முறை ரோஷத்தோடு எல்லாப் பக்கமும் இரண்டு இரண்டு இஞ்ச் விட்டார். அதில் நானும் சித்தி மகளும் சேர்ந்தே நுழையலாம். "வளர்ற பொண்ணுதான, இன்னா இப்போ" என்று சொல்லி டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டார்.

அம்மாவுக்குக் காலர் வைக்காமல் கை நிற்காது. என் கவுனுக்குக் காலர், பாவாடைச் சட்டைக்குக் காலர், வீட்டில் போடுகிற நைட்டிக்கும் காலர். இரண்டு முனையும் அச்சு வார்த்த மாதிரி, வெளிநாட்டுக்காரன் குறை சொல்ல முடியாத காலர். அதற்குக் கீழே அப்பாவின் அளவில் ஒரு சாக்கு தொங்கும். பள்ளிக்கூடத்தில் எனக்குக் 'காலர்' என்றே பெயர்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பிறந்தநாளுக்கு மட்டும் கலர் டிரெஸ் போட்டு வரலாம். சாக்லேட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பெஞ்ச் பெஞ்சாகப் போக வேண்டும். பெண்பிள்ளைகள் சாக்லேட்டை எடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வார்கள். பிறந்தநாள்காரியின் பின்கழுத்தைப் பிடித்துத் திருப்பி லேபிளைப் பார்ப்பார்கள். எந்தக் கடை, எந்த ஊர் என்று படித்துச் சொல்லிவிட்டுத்தான் 'ஹேப்பி பர்த்டே'. இதை யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. நான்காம் வகுப்பில் என் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் பெஞ்சுக்காரி, "ஒண்ணுமே இல்லடி" என்று சொன்னது ஒரு வருஷம் முழுக்க என் காதில் இருந்தது.

ஐந்தாம் வகுப்புப் பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அம்மாவிடம் கேட்டேன்.

"எனக்கு லேபிள் வேணும்."

"லேபிளா? அத்த எங்கடி போய் வாங்குறது?"

"உங்க கம்பெனில மூட்ட மூட்டயா கீதுன்னு சித்தி சொல்லிச்சே."

அம்மா என்னை விலக்கிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். ஏன் போனாள் என்பதை இப்போது என்னால் எழுத முடியும். அந்தக் கம்பெனியின் கேட்டில் திரை கட்டிய ஒரு சின்ன ரூம் உண்டு. வேலை விட்டதும் பெண்கள் ஒவ்வொருவராக அதற்குள் போய்க் கையை விரித்து நிற்க, செக்யூரிட்டி அம்மா தடவிப் பார்த்து அனுப்புவாள். ஒரு நூல்கண்டு எடுத்தவளை மறுநாளே நிறுத்திவிட்டார்கள். அம்மா மிஷினை விட்டு எழுந்ததும் முந்தானையை உதறி, ஒட்டியிருக்கிற நூலையெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் வரிசைக்கு வருவாள். எங்கள் வீட்டு மிஷினுக்கு நூல்கூட படாளம் கடையில் காசு கொடுத்து வாங்கியதுதான்.

இதெல்லாம் நானும் கேள்விப்பட்டதுதான். ஆனால் பத்து வயசுக்கு ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவது பெரிய வேலையா? பர்த்டேக்கு ஸ்கூலுக்கே போகமாட்டேன் என்றேன். இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தேன். மூன்றாவது வேளை பசி தாங்காமல் சாப்பிட்டுவிட்டேன் என்றாலும் அம்மாவுக்கு அந்த இரண்டு வேளையே போதுமானதாக இருந்தது.

பிறந்தநாளுக்கு முதல்நாள் வேலை விட்டு வந்தவள் பையைக்கூட வைக்காமல் கதவைச் சாத்திவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். பின்னலை அவிழ்த்தாள். நடுவிலிருந்து ஒரு நீலத் துண்டு மடியில் விழுந்தது. நான் குதித்துக் கை தட்டினேன். மேஜிக் மாதிரி இருந்தது எனக்கு. அவள் எழுந்து கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். காற்றுக்குத் திறந்துகொள்ளும் என்று பார்க்கிறாள் என நினைத்துக்கொண்டேன்.

"எங்கேந்து வந்துச்சுன்னு யாராண்டயும் சொல்லாத. சித்தியாண்டகூட" என்றாள். அப்போதே ஊசி எடுத்து நாலு பக்கமும் கையால் தைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் நானே கழுத்தைக் குனிந்து காட்டினேன். பெஞ்சுக்காரி வெளிநாட்டுப் பெயரைத் திக்கித் திக்கிப் படித்தாள். பிறகு அதற்குக் கீழே இருந்ததைத் திக்காமல் படித்தாள்.

"எக்ஸ்எல்! ஏய், இது எங்க அப்பா சைஸுடி. உங்க நைனா சட்டய வெட்டித் தெச்சாங்களா?"

வகுப்பே சிரித்தது. டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன். மிச்ச சாக்லேட்டை யாருக்கும் கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து அழுதேன். அம்மா முதலில் சிரித்துவிட்டாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"கீழ கெடந்துச்சு, எடுத்துகினு வந்துட்டேன். சைஸெல்லாம் யார் பாத்தா? சின்னப் புள்ளைங்க லைனு வேறடி, அது அந்தக் கோடில கீது."

"அப்ப அங்கேந்து எடுத்துகினு வா. கிறிஸ்மஸுக்குள்ள."

அதிகாரி கையெழுத்துப் போடுவது போலச் சொன்னேன் நான். அவளும் தலையாட்டினாள்.

அடுத்து நடந்ததைச் சித்தி எனக்குச் சொல்லப் பல வருஷம் ஆயிற்று. நான் படித்து முடித்து, கேளம்பாக்கத்தில் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு ஆபீஸுக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் காலர் டெய்லருக்குச் சின்னப் பிள்ளைகள் லைனில் என்ன வேலை என்று ஒரு சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். சாயங்காலம் செக்யூரிட்டி அம்மாவின் கை தோளோடு நிற்காமல் பின்னலுக்குப் போயிருக்கிறது. திரையை விலக்கி வைத்துக்கொண்டு, வரிசையில் நின்ற அத்தனை பேர் பார்க்க, என் அம்மாவின் தலையை அவிழ்த்து லேபிளை எடுத்திருக்கிறார்கள். வரிசையில் அடுத்த ஆள் சித்தி.

லேபிள் போனால் கம்பெனிக்கு நூல்கண்டு போன மாதிரி இல்லை. வேறு சட்டையில் ஒட்டி அவர்கள் சட்டை என்று விற்றுவிடலாம். யாருக்கு விற்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். "எம் பொண்ணு கேட்டுச்சு சார்" என்று அம்மா சொன்னதை யாரும் நம்பவில்லை. இதற்கு முன்னால் எடுத்திருக்கிறாயா என்று கேட்டதற்கு, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மாவுக்குப் பொய் வராது. "ஒண்ணே ஒண்ணு சார்" என்றிருக்கிறாள். வீட்டில் இரு, கூப்பிட்டால் வா என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்குச் சொல்லப்பட்டது, அம்மாவுக்கு லீவு.

பதினொரு நாள். அதற்கு முன்னால் அம்மாவை நான் பகல் வெளிச்சத்தில் பார்த்ததே ஞாயிற்றுக்கிழமைகளில்தான். இப்போது அவள் எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். மத்தியானம் சூடாகச் சோறு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட கேட்டுக்கு வந்தாள். சாயங்காலம் வாசலில் நின்றாள். காலையில் வேன் சத்தம் கேட்கும்போது மட்டும் எதையோ எடுக்கப் போவது போல உள்ளே போய்விடுவாள். சித்தி தினமும் வேலை விட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வருவாள். அம்மா அவள் முகத்தைப் பார்ப்பாள். சித்தி இல்லை என்பது போலத் தலையை ஆட்டுவாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருப்பேன்.

அந்த நாட்களில்தான் கிறிஸ்மஸ் கவுனும் தைத்தாள். அப்பா அந்த ஞாயிறு ஒரு துண்டுகூட வீணாகாமல் அளந்து அளந்து வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். சித்தி இல்லாத பகலில் அம்மா தானே கை வைத்துப் பார்த்தாள். இடது கையை வலது பக்கம் வைத்துவிட்டு, பிரித்து, மறுபடியும் அதே மாதிரி வைத்தாள். மூன்றாவது தடவை சரியாக வந்ததும், "பாத்தியா, முழு டிரெஸ்ஸும் நானே தெச்சிட்டேன்" என்று என்னைத் திருப்பித் திருப்பி நிற்கவைத்துப் பார்த்தாள். அப்படி அவள் பார்த்துச் சந்தோஷப்பட்டது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

பத்தாவது நாள் சித்தி வந்து தலையை வேறு மாதிரி ஆட்டினாள். அன்றைக்கு அம்மா என் பிறந்தநாள் டிரெஸ்ஸை எடுத்து, பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்து, எக்ஸ்எல் லேபிளைத் தனியாக எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த நூலையெல்லாம் பொறுக்கினாள். தேய்ப்புப் பெட்டியால் ஒரு தேய்ப்புத் தேய்த்து வெள்ளைக் காகிதத்தில் மடித்துவைத்தாள். மன்னிப்புக் கடிதம் இன்னொரு காகிதத்தில் இருந்தது. சித்தி எழுதியது. எனக்கு அதைக் காட்டவில்லை.

மறுநாளோடு அவள் லீவு முடிந்தது. நானும் கூடவே கூட்டுரோட்டுக்குப் போனேன். வேனில் ஏறப் போனவளிடம், உள்ளே இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்திச் சொன்னேன்.

"அம்மா, அத்த குடுத்துட்டு மறக்காம சின்னது மாத்தி வாங்கினு வா!"

வேனில் ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் ஏறக் காத்திருந்த சித்தி மட்டும் என் தொடையில் அழுத்தமாக ஒரு கிள்ளு வைத்தாள். எதற்கென்று தெரியாமல் அவள்மேல் ஒரு வாரம் கோபமாக இருந்தேன்.

வேலை கிடைத்தது, மிஷின் கிடைக்கவில்லை. ஒன்பது வருஷம் காலர் தைத்தவளைப் புதிதாக வந்த பெண்களோடு சேர்த்து, தைத்து முடித்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலைக் கத்தரிக்க நிற்கவைத்தார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கட்டைவிரலில் கத்தரி பட்டுப் பட்டுத் தோல் தடித்துப்போயிருந்தது.

ஜனவரியில் தமிழ் டீச்சர், 'நான் மகிழ்ந்த நாட்கள்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். பிள்ளைகள் மாமல்லபுரம் கடற்கரை, கிஷ்கிந்தா பார்க்குக்குப் போன நாள் என்று எழுதினார்கள். நான் அந்தப் பதினொரு நாளை எழுதினேன். இரட்டைப் பின்னல், சூடான சோறு, வாசலில் நின்ற அம்மா, ஒன்றையும் விடவில்லை. டீச்சர் 'மிக நன்று' என்று சிவப்பு மையில் எழுதி, வகுப்பில் படித்தும் காட்டினார். என் வாழ்க்கையில் எனக்காக வகுப்பு கை தட்டியது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அம்மா வெந்நீரில் காலை வைத்துக்கொண்டிருந்தபோது நோட்டை எடுத்துவந்து, எதிரே நின்று, டீச்சர் படித்த மாதிரியே ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். 'என் அம்மா மீண்டும் விடுமுறை எடுக்க வேண்டும் என்று நான் தினமும் இயேசப்பாவிடம் வேண்டிக்கொள்கிறேன்' என்று கடைசி வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"நல்லா எழுதிக்கீறடி" என்றாள் அம்மா. வெந்நீரிலிருந்து காலை எடுத்துக்கொண்டே, "அந்த ஜெபத்த மட்டும் வுட்டுடு கண்ணு" என்றாள்.

ஜெபத்தில் என்ன தப்பு இருக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் காலைத் துடைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போகும்வரை காத்திருந்தேன். பிறகு முட்டி போட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இந்தத் தடவை இருபது நாள் லீவு கேட்டேன்.