ஜெட் ஜெயபாலுக்குப் பதிலாக மைசூரில் நான் ஓடினேன்

மைசூருக்குப் போகிறவர்கள் அரண்மனை பார்ப்பார்கள், சாமுண்டி மலை ஏறுவார்கள், திரும்பும்போது அரைக் கிலோ மைசூர்பாகு வாங்குவார்கள். நான் போன ஆவணியில் அங்கே போனது ஓடிக் காட்டுவதற்காக. நாற்பத்தொன்பது வயதில், எண்பத்தாறு கிலோ உடம்போடு, ஒரு மார்க்கெட்டுக்குள்.

புதிதாக இந்தப் பக்கம் வந்தவர்களுக்குச் சின்ன அறிமுகம். நான் சேலத்தில் இருந்துகொண்டு சொந்தக் காசில் காமிக்ஸ் புத்தகம் போடுகிறவன். ‘சுயாதீனப் படைப்பாளி’ என்று முகநூலில் போட்டுக்கொள்வேன். எந்தப் பதிப்பகமும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதற்கு அதுதான் கௌரவமான பெயர். கதை எழுதுவது, அச்சகத்துக்கு அலைவது, புத்தகக் கண்காட்சியில் பாதிக் கடையை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்து பக்கத்துச் சமையல் புத்தகக் கடையின் கூட்டத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவது எல்லாம் நான்தான். வரைவது மட்டும் மைசூரில் இருக்கும் பவித்ரா. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் பகலில் வேலை, ராத்திரியில் என் கதாநாயகன் ஜெட் ஜெயபால். ஜெயபாலுக்கு ஆறடி உயரம், இருபத்தெட்டு வயது. நான்கு புத்தகம் ஆகியும் அதே இருபத்தெட்டு.

நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. பவித்ராவின் அப்பா, மாதேஸ்வரன் மலைக்கு அந்தப்பக்கம் தமிழ் பேசும் ஊரான கௌதள்ளியிலிருந்து கட்டட வேலைக்கு மைசூர் வந்தவர். அவள் வீட்டில் பேசுவது தமிழ், படித்தது கன்னடம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அதனால் ஸ்கிரிப்டை நான் குரல்பதிவாக அனுப்புவேன், ஏற்ற இறக்கத்தோடு, சண்டைச் சத்தங்களோடு. அந்த நேரத்தில் என் மனைவி அடுத்த அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஐந்தாம் புத்தகத்தில் ஒரு துரத்தல் வைத்தேன். அடியாட்கள் துரத்த, ஜெயபால் மைசூர் தேவராஜா மார்க்கெட்டில் ஒரு வாசலில் நுழைந்து, வாழைத்தார்களைத் தாண்டி, பூக்கூடைகளின் மேல் பறந்து, மறுவாசலில் வெளியே வருகிறான். நான் அந்த மார்க்கெட்டை ஒரு காலண்டர் படத்தில் பார்த்ததோடு சரி. சொல்லி அனுப்ப அரை நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் பவித்ராவிடமிருந்து பதில் குரல் வந்தது.

“ஸார், நீங்க ஒரு வரி பேசிட்டுப் போயிடறீங்க, நான் அதை எட்டு நாள் வரையணும். அந்த மார்க்கெட்ல நடக்கவே ஜாகா இல்லை, இவன் பறக்கறான். நீங்க வந்து ஓடிக் காட்டுங்க, வரையறேன். ஆகல்லன்னா விட்டுடலாம்.”

‘விட்டுடலாம்’ என்றால் என்ன என்று விசாரித்தேன். பெங்களூரில் விளையாட்டுச் செயலி செய்கிற ஒரு கம்பெனி அவளை மாதச் சம்பளத்துக்குக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் போனால் ஜெயபால் காலி. ஜெயபால் காலியானால் நான் வெறும் சேலத்துக்காரன். வெள்ளிக்கிழமை காலை பையை எடுத்துவிட்டேன்.

சேலத்திலிருந்து பெங்களூரைச் சுற்றிக்கொண்டு ரயிலில் போகலாம். எனக்கு மேட்டூர் வழிதான் பிடிக்கும். ஐந்தரைக்குப் புறப்பட்டு மேட்டூர், அங்கே பஸ் மாறி கொளத்தூர், பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலை. மலையில் ஒரு தட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு மைசூர் பஸ்ஸைப் பிடித்தால் கௌதள்ளி, ஹனூர், கொள்ளேகால் தாண்டி நாலு மணி நேரம். மொத்தப் பஸ் செலவு முந்நூறு ரூபாய்க்குள். பாலாறு செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள், பிளாஸ்டிக் பை இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். என் பையில் இருந்தது ஜெட் ஜெயபால் பத்துப் பிரதி. வனக்காவலர் ஒன்றைப் புரட்டிப் பார்த்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் திருப்பி வைத்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று நினைத்துச் சமாதானமானேன்.

கௌதள்ளியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, மைசூரில் மகள் வீட்டுக்கு ஒரு மூட்டை அவரைக்காயோடு போய்க்கொண்டிருந்தார். என்ன வேலை என்று கேட்டார். பெருமையாகப் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன்.

“பொம்மைப் புஸ்தகமுங்களா. படமெல்லாம் நீங்க போட்டதுங்களா?”

“இல்லீங்க, அது வேற ஒரு பொண்ணு.”

“அச்சடிக்கறது?”

“அது அச்சகத்துலங்க.”

அவர் புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தார். “அப்ப நீங்க என்னதானுங்க பண்றீங்க?”

பதினோரு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கொள்ளேகால் வரைக்கும் யோசித்தும் பதில் வரவில்லை. அவர் இரக்கப்பட்டு ஒரு பிடி அவரைக்காய் கொடுத்தார்.

மைசூரில் மார்க்கெட்டுக்கு அருகிலேயே அறை கிடைக்கும். எனக்குத் தொள்ளாயிரம் ரூபாய், வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டுவரை. மறுநாள் ஏழு மணிக்கு சின்னக் கடிகாரக் கூண்டுக்குக் கீழே பவித்ரா நின்றுகொண்டிருந்தாள். தோளில் வரையும் புத்தகம், காதில் பென்சில். என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். நான்கு புத்தகமாக என் குரலை மட்டும் கேட்டவள் ஜெயபால் மாதிரி ஒருவனை எதிர்பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். கடைசியில் என் செருப்பை மட்டும் பார்த்து, “இதுலயா ஸார் ஓடப்போறீங்க?” என்றாள்.

மறுவாசலில் நிற்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். நான் சாமி சன்னதியில் நிற்பதுபோல் ஒரு நிமிடம் நின்றேன், பிறகு ஓடினேன்.

வாழைப்பழ வரிசையில் முதல் பத்தடி பிரமாதம். அதற்குள் எதிரே தலையில் மூட்டையோடு ஒரு போர்ட்டர். அவர் நிற்கமாட்டார், நான் நின்றேன். மறுபடி ஓட்டத்தைத் தொடர்ந்தேன். காய்கறிச் சந்துக்குள் வந்தபோது தரையில் கொத்தமல்லி, கால் வழுக்கி, விலாவில் சுளீரென்று பிடித்துக்கொண்டது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி ஓட ஆரம்பித்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. வெற்றிலைக் கடைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்தார், என் கை இருந்த இடத்தைப் பார்த்தார், முகம் முழுக்கக் கனிவோடு, “ஆ கடே ஸார், ஆ கடே” என்று ஒரு திசையைக் காட்டினார். அந்தப் பக்கம் என்று அர்த்தம். எனக்கு முதலில் புரியவில்லை. குங்குமத்தைக் கூம்பு கூம்பாகக் குவித்திருந்த கடைக்காரரும் அதே திசையைக் காட்டினார். பூக்கடை வரிசையில் தமிழ்க்காரப் பெண் ஒருவர் மல்லிகைக் கூடையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “பாவம், அவசரம் போல. வழி விடுங்கப்பா. அண்ணா, நேரா போயி லெப்ட்டுல” என்று சொன்னபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

ஆறடி ஜெயபாலுக்கு ஒரு நாளும் வழிவிடாத மார்க்கெட் எனக்குப் பிளந்து வழிவிட்டது. கூடைகள் ஒதுங்கின, மூட்டைகள் சுவரோடு ஒட்டின. போர்ட்டர் ஒருவர் “தாரி பிட்ரீ” என்று எனக்கு முன்னால் ஓடிக் கூட்டத்தை விலக்கினார். கடைசியில் நான் போய் நின்ற இடம் மார்க்கெட்டின் கட்டணக் கழிப்பறை வாசல். இத்தனை பேர் முயற்சியை வீணாக்க மனமில்லாமல் ஐந்து ரூபாய் கொடுத்து உள்ளே போய், கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு வந்தேன். வெளியே வந்தபோது இரண்டு கடைக்காரர்கள் நிம்மதியாகத் தலையாட்டினார்கள்.

பவித்ரா மறுவாசலில் இல்லை. பூக்கடை ஓரத்தில் நின்று வேகமாக வரைந்துகொண்டிருந்தாள். என்னைப் பின்தொடர்ந்தே வந்திருக்கிறாள்.

பக்கத்து ஓட்டலில் ஆளுக்கொரு வெண்ணெய் தோசை சொன்னோம். அவள் புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடும் ஒரு குண்டு மனிதன், அவனுக்காக ஒதுங்கும் ஒரு மார்க்கெட். கூட்டம் அவன் பின்னால் மூடிக்கொள்வதால் அடியாட்கள் மல்லிகைக்கு நடுவே மாட்டி நிற்கிறார்கள். நான்கு புத்தகத்தில் இவ்வளவு உயிரோடு ஒரு பக்கம் வந்ததில்லை.

“இந்த ஆளுன்னா வரையறேன் ஸார்.”

“ஜெயபால்?”

“அவனை வரைஞ்சு எனக்குக் கை நோவு. நாலு புக்ல ஒரு தரம்கூட அவன் வேர்க்கலை.”

வாசகர்கள் கோபித்துக்கொள்வார்களே என்றேன். எத்தனை பேர் என்று கேட்டாள். கட்டிலுக்கடியில் இருக்கும் பிரதிகளைக் கழித்து மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் போட்டே சொல்லிவிடலாம்.

பெங்களூர் வேலையில் என்ன வரைய வேண்டும் என்று கேட்டேன். “மரம் ஸார். வேற வேற மரம். விளையாட்டுல பின்னால வரும்.” தோசையைப் பிய்த்தபடி சொன்னாள். “நல்ல சம்பளம். மரத்துக்கு யாரும் பேரு போடமாட்டாங்க, அல்வா?” ‘இல்லையா’ என்பதற்குக் கன்னடத்தில் அப்படித்தான்.

அந்தச் சம்பளத்துக்கு நான் ஈடு கொடுக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேலையில் சேர்ந்துகொள், ஆனால் வீட்டிலிருந்தே செய்ய முடியுமா என்று கேட்டுப் பார் என்றேன். இவ்வளவு பெருந்தன்மையாக நான் பேசியதை என் மனைவி கேட்டிருந்தால் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்திருப்பாள். பவித்ரா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். கேட்கலாம், ஆனால் இனி ஓட்டம், குதிப்பு, உருளல் எது எழுதினாலும் முதலில் நான் வந்து செய்து காட்ட வேண்டும் என்றாள். கதாநாயகனுக்கு உயரமாவது ஆறடி கேட்டேன். பேரம் பேசி ஐந்தே முக்காலில் முடித்தோம். ஜெயபாலுக்கு ஐந்தாம் புத்தகத்தின் முதல் பக்கத்தில் துபாயில் வேலை கிடைத்துவிடுகிறது.

கம்பெனி ஒத்துக்கொண்டது. இப்போது வார நாட்களில் மரம், சனி ஞாயிறில் நான். ஒன்பது பக்கம் வந்துவிட்டது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. தசரா வாரத்தில் போகாதீர்கள், அறை வாடகை மூன்று மடங்கு. காட்டுப் பாதையை இருட்டுவதற்குள் தாண்டும்படி பஸ் பிடியுங்கள். தேவராஜா மார்க்கெட்டை காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் பாருங்கள், பூ அப்போதுதான் வந்து இறங்கும். பின்னால் வார் வைத்த செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். காமிக்ஸ் எழுதுகிறவராக இருந்தால், நீங்கள் ஒரு வரியில் முடிக்கும் இடத்துக்கு ஒரு முறை போய் நின்று பாருங்கள். வரைகிறவர் உங்களை விட்டுப் போகாமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

ஆறாம் புத்தகத்தில் நம் ஆள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பாலத்திலிருந்து காவிரியில் குதிப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தேன். எந்த சனிக்கிழமை வருகிறீர்கள் ஸார் என்று பவித்ராவிடமிருந்து உடனே பதில் வந்தது. நேற்றே மாற்றிவிட்டேன். இப்போது அவன் பரிசலில், கையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு, உட்கார்ந்தபடியே ஆற்றைக் கடக்கிறான்.