பிள்ளையார்பாளையத்துக் கேபிள் நாடா

காஞ்சிபுரத்துக்கு எல்லோரும் கோயில் பார்க்கப் போவார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மார்கழிச் சனிக்கிழமை, நான் போனது என் அக்கா வீட்டுக்காரரை வேவு பார்க்க.

அப்போது சென்னையில் ஒரு கேபிள் கம்பெனியில் வேலை. உயர் அழுத்தக் கேபிளில் செம்புக் கம்பிக்கும் காப்புக்கும் நடுவே, கரிக் கரைசலில் தோய்த்த பருத்தி நாடாவைச் சுற்றுவோம். அது மின்சாரத்தைக் கொஞ்சமாகக் கடத்தி, அழுத்தத்தைச் சீராகப் பரப்பும். கரி ஒட்டாத இடத்தில் பொறி கிளம்பிக் காப்பை அரித்துவிடும். வெளிநாட்டு நாடாவைவிட நல்லதாக இங்கேயே நெய்யலாம் என்று சொல்லி, மாமாவுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். முதல் சுருள் பிரமாதம். பிறகு வந்தவற்றை நாங்கள் கரியில் தோய்த்தால், கரி உதிர்ந்தது. மனுஷன் நாங்கள் கொடுத்த நூலை மாற்றிவிட்டாரோ? இன்னொரு சுருள் தோற்றால் ஆர்டர் போய்விடும். பட்டுத் தறி சும்மா கிடந்த அந்த வீட்டில் அடுப்பெரிய வேறு வழி கிடையாது.

பாரிமுனையில் காலை ஆறரைக்குப் பேருந்து. எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். வழியில் ஸ்ரீபெரும்புதூரில் காபி குடித்தேன். அன்றிருந்த மனநிலையில் அதிலும் ஏதோ கலந்திருப்பதாகப் பட்டது.

பிள்ளையார்பாளையத்தில் மாமா தறியில் உட்கார்ந்திருந்தார். நான் வாய் திறக்குமுன்பே, "உங்க கம்பெனில கரியில தண்ணி கலக்குறானுங்களா, பார்த்தியாபா?" என்றார். அவருக்கு எங்கள் மேல் சந்தேகம். தறியில் இருந்த நூல் நாங்கள் கொடுத்ததேதான். அதையும் நம்பாமல், அவர் சாப்பிடப் போனதும் கட்டிவைத்த சுருளில் ஒரு துண்டு வெட்டினேன். பிளேடு விரலையும் பதம் பார்த்தது.

அக்கா ஓடிவந்து அயோடின் டிங்சர் ஊற்றினாள். நாடாவில் சிந்திய சொட்டு கருநீலமானது. கஞ்சி பட்ட துணியில்தான் டிங்சர் அப்படி நிறம் மாறும். கஞ்சியே கூடாது என்று மாமாவிடம் முதல் நாளே சொல்லி, அதற்காகவே நன்றாக முறுக்கிய நூலாகக் கொடுத்திருந்தோம். கஞ்சி அடைத்த நூலில் கரி எப்படி ஏறும்?

"யாருக்கா கஞ்சி போட்டது?"

"நான்தான்பா. அவருக்குத் தெரியாது. மொத சுருளு தறியிலேர்ந்து எறக்கனா தொவண்டு கெடந்துது. அடுத்ததுலேர்ந்து பொடவைக்குப் பண்றமாதிரி லேசா தடவி, காயவச்சி சுத்தனேன். தம்பி புடிச்சிக் குடுத்த வேலை, வெறுந்துணியா போனா உனக்குத்தானே அசிங்கம்?"

மாமா கைகூடக் கழுவாமல் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நானும் அவரும் ஒருவரையொருவர் பார்க்கக் கூசினோம்.

போகிறவர்களுக்கு: மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை கோயில்களில் நடை சாத்தியிருக்கும். அந்த நேரத்தில் பட்டு எடுக்கப் போனால் விறைப்பை மட்டும் நம்பி வாங்காதீர்கள். துணியைக் கசக்கிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

அடுத்த சுருளை மாமாவே சென்னைக்குக் கொண்டுவந்தார். துவண்டு கிடந்தது, சோதனையில் தேறியது. ஆர்டர் நிலைத்தது. கூடவே எனக்கு ஒரு வேட்டி, நிறுத்தினால் நிற்கும் அளவுக்குக் கஞ்சி.

"இதுக்காவது போடலாமான்னு உங்க அக்கா கேட்டுக்கினு வரச் சொன்னா," என்றார்.